முதல் சீசனும் ஒரு மலை நகராட்சியும்

நீலகிரி மாவட்டத்தின் தலைநகரான உதகமண்டலத்தில் ஏப்ரல், மே மாதங்களை ‘முதல் சீசன்’ என்றும், செப்டம்பர், அக்டோபர் மாதங்களை ‘இரண்டாவது சீசன்’ என்றும் மக்கள் வழங்குகின்றனர். சமவெளியில் பள்ளித் தேர்வுகள் முடிந்து கத்திரி வெயில் நெருங்கும் நாள்களில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் அமைந்த இந்நகரை நோக்கி மேட்டுப்பாளையம் வழியாகவும் கூடலூர் வழியாகவும் வாகனங்கள் இடைவிடாமல் ஏறுகின்றன. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நகரில் குடியிருந்தோர் 88,430 பேர். 36 வார்டுகளைக் கொண்ட நகராட்சியின் குழாய்களும் கழிவறைகளும் குப்பை வண்டிகளும் தூய்மைப் பணியாளர்களும் அந்த எண்ணிக்கையை ஒட்டியே அமைந்திருக்க, சீசன் நாள்களில் அவற்றைப் பயன்படுத்துவோரின் தொகையோ பல மடங்காகிவிடுகிறது. குடியிருப்போருக்காக அளவெடுக்கப்பட்ட ஒரு நகர நிர்வாகம் விருந்தினரின் சுமையையும் தாங்க வேண்டியிருப்பதே இந்நகரின் கோடைக்காலச் செய்திகள் அனைத்திற்கும் அடியில் இருக்கும் சிக்கலாகும்.

இந்தச் சிக்கல் புதியதன்று. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் இம்மலைக்கு வந்த பின்னர், தோடர்களின் மந்துகள், அதாவது அவர்களுடைய சிற்றூர்கள், இருந்த புல்வெளிகளுக்கிடையே வீடுகளும் ஏரியும் உருவாயின. பின்னர்ச் சென்னை மாகாண அரசே கோடையில் இங்கு வந்து தங்கி அலுவல் பார்க்கும் வழக்கம் ஏற்பட்டது. 1866-இல் நகராட்சி அமைந்தபோதே, வருவோரை நம்பி வாழும் ஊராகவும் வருவோரால் இடர்ப்படும் ஊராகவும் உதகை இருந்தது எனலாம்.

நகராட்சி என்பது தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமும் அரசு அலுவலர்களும் இணைந்து இயங்கும் அமைப்பாகும். வார்டுக்கு ஒருவராக மக்கள் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்க, அவ்வுறுப்பினர்கள் தம்முள் ஒருவரை நகர்மன்றத் தலைவராகத் தேர்ந்தெடுக்கின்றனர். மன்றத்தின் தீர்மானங்களைச் செயற்படுத்தும் பொறுப்பு, அரசால் பணியமர்த்தப்படும் ஆணையாளருடையது. கூட்டத்திற்கு முன்னர் உறுப்பினர்களுக்கு அனுப்பப்படும் பொருள் நிரலில், குழாய் உடைப்பைச் சரிசெய்தல், தெருவிளக்கு மாற்றுதல், மோட்டார் பழுதுபார்த்தல் போன்ற செலவினங்கள் ஒவ்வொன்றும் ‘மன்றத்தின் அனுமதிக்கு’ என்றோ ‘மன்றத்தின் பதிவிற்கு’ என்றோ குறிக்கப்பட்டு வருகின்றன. வறண்ட நடையில் எழுதப்படும் இந்நிரலே ஒரு நகரின் உண்மையான நாட்குறிப்பு என்பதால், பொதுமக்கள் அதை இன்னும் கூர்ந்து படிக்க வேண்டும்.

நிதியாண்டு தொடங்குவதும் ஏப்ரலில்தான். சொத்துவரி அரையாண்டுக்கு ஒருமுறை விதிக்கப்படுவதாகும். ஏப்ரல் முப்பதாம் நாளுக்குள் அதைச் செலுத்துவோருக்குத் தமிழகமெங்கும் ஐந்து விழுக்காடு, 5,000 ரூபாய்க்கு மிகாமல், ஊக்கத்தொகையாகக் கழிக்கப்படுகிறது. உதகை நகராட்சிக்குச் சொத்துவரியோடு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளைக் கொண்ட நகராட்சி மார்க்கெட்டின் வாடகையும் முக்கியமான வருவாயாகும். ஆனால் சீசனில் நகருக்குள் வந்து சேரும் பணத்தின் பெரும்பகுதி நகராட்சியின் கல்லாப்பெட்டிக்குள் விழுவதில்லை. தாவரவியல் பூங்காவும் ரோஜாப் பூங்காவும் தோட்டக்கலைத் துறையைச் சேர்ந்தவை. ஏரியின் போட் ஹவுஸைத் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்துகிறது. நுழைவுக் கட்டணம் அங்கங்கே நின்றுவிட, பூங்காவிலிருந்து வெளியே வருவோர் தெருவில் விட்டுச்செல்லும் குப்பையும், அவர்கள் தேடும் கழிவறையும், தங்கும் விடுதிகளின் கழிவுநீரும் நகராட்சியின் கணக்கில் சேர்கின்றன. மாநில அரசு உள்ளாட்சிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் நிதியிலும் குடியிருப்போர் தொகைக்கே பெரும் இடம் உண்டு. மே மாதத்து வருகையாளர் அதில் கணக்கில்லாதவர். நுழைவுக் கட்டணங்களில் ஒரு பங்கேனும் நகராட்சிக்கு உரிமையாக வந்து சேரும் ஏற்பாடு இல்லாதவரை, சீசனுக்கான ஆயத்தம் என்பது ஆண்டுதோறும் அவசரப் பணியாகவே இருக்கும்.

குடிநீரில் இந்த இடைவெளி மிகத் தெளிவாகப் புலப்படுகிறது. நகரின் முதன்மை நீராதாரம் பார்சன்ஸ்வேலி அணையாகும். அதற்குத் துணையாக மார்லிமந்து, டைகர்ஹில், தொட்டபெட்டா, கோடப்பமந்து, கோரிசோலை முதலிய பழைய நீர்த்தேக்கங்கள் உள்ளன. இவை பெரும்பாலும் சோலைகளையும் புல்வெளிகளையும் நம்பியிருப்பவை. சோலை என்பது மலை மடிப்புகளில் அடர்ந்து வளர்ந்து, மழைநீரைப் பஞ்சு போல் உறிஞ்சி வைத்துக் கோடையில் சிறுகச் சிறுகக் கசியவிடும் காட்டுவகையாகும். தென்மேற்குப் பருவமழைக்கு முந்தைய மாதங்களில் அக்கசிவு குறைந்து தேக்கங்கள் வற்றும் நேரமும், விடுதிகள் நிரம்பி வழியும் நேரமும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன. பார்சன்ஸ்வேலியிலிருந்து நீரை மின்மோட்டார்களால் இறைத்தே நகருக்குக் கொண்டுவர வேண்டியிருப்பதால், மின்தடையோ மோட்டார் பழுதோ நேரும்போது, முறைவைத்து நீர் பெறும் வார்டுகளில் அம்முறை மேலும் தள்ளிப்போகிறது. மேட்டுத் தெருவில் குடத்தோடு காத்திருக்கும் பெண்ணுக்கும் விடுதியில் வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டிருக்கும் விருந்தினருக்கும் நீர் வருவது ஒரே அணையிலிருந்துதான் என்பதை நகரின் விளம்பரப் பலகைகள் எவையும் சொல்வதில்லை.

குப்பையைப் பொறுத்தவரை நீலகிரி மற்ற மாவட்டங்களுக்கு வழிகாட்டியது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கிற்குத் தமிழகம் முழுவதும் 2019 ஜனவரி முதல் நாளில்தான் தடை வந்தது. நீலகிரியிலோ அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்திருந்தது. தண்ணீர் பாட்டில்களுக்கு மாற்றாகச் சாலையோரங்களில் நிறுவப்பட்ட ‘வாட்டர் ஏ.டி.எம்.’ எனும் காசு போட்டுக் குடிநீர் பிடிக்கும் இயந்திரங்கள் அதன் தொடர்ச்சியே. அவை சீசன் நாளில் பழுதாகி நின்றால் தடையும் உடன் தளர்ந்துவிடும் என்பதால், அபராதம் விதிப்பதைக் காட்டிலும் இயந்திரங்களைப் பழுதின்றிப் பேணுவதே பயன் தரும்.

போக்குவரத்தில் முடிவெடுக்கும் அதிகாரம் பெரும்பாலும் நகராட்சியிடம் இல்லை. குன்னூர் வழியாக ஏறிக் கோத்தகிரி வழியாக இறங்கும் ஒருவழிப் பாதையைச் சீசனுக்கென வகுப்பவர்கள் மாவட்ட நிர்வாகமும் காவல்துறையுமே. வாகன நெரிசல் வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின்படி, 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ், அதாவது இணையவழி முன்பதிவுச் சீட்டு, கட்டாயமாயிற்று. அடுத்த ஆண்டின் முதல் சீசனில் நீலகிரிக்கு வார நாள்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்ற வரம்பும் விதிக்கப்பட்டது. உள்ளூர்ப் பதிவெண் கொண்ட வாகனங்களுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. வணிகர்கள் இதை எதிர்த்து 2025 ஏப்ரலில் கடையடைத்தனர். ஒரு சீசனின் விற்பனையைக் கொண்டு ஆண்டு முழுவதும் குடும்பம் நடத்தும் சிறுகடைக்காரரின் அச்சத்தை எளிதாக ஒதுக்கிவிட இயலாது. ஆயினும் மலைக்கும் ஒரு கொள்ளளவு உண்டு என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்டது இன்றியமையாத ஒரு மாற்றமாகும்.

சுற்றுலாவுக்காகவன்றி, ஊர் தனக்காகக் கொண்டாடும் கோடையும் ஒன்று உண்டு. மார்க்கெட்டை ஒட்டிய மாரியம்மன் கோயிலின் திருவிழா மார்ச் மாதத்தில் தொடங்கி ஏப்ரல் வரை நீள்கிறது. நகரில் வாழும் பல்வேறு சமூகத்தாரும் நாளுக்கொருவராக உபயம் ஏற்று அம்மனை ஊர்வலமாக அழைத்துவருகின்றனர். உபயம் என்பது அந்நாளின் வழிபாட்டுச் செலவையும் பொறுப்பையும் ஏற்பதாகும். செவ்வாய்க்கிழமையன்று நடைபெறும் பெரிய தேரின்மீது பக்தர்கள் உப்பை வீசி வழிபடுகின்றனர். தேர் நகரும் தெருக்களைச் செப்பனிடுவதும், மறுநாள் விடியுமுன் உப்பும் பூவும் கலந்து கிடக்கும் சாலையைப் பெருக்குவதும் நகராட்சிப் பணியாளர்களே. மே மாதத்தில், 1896-ஆம் ஆண்டு தொடங்கிய மலர்க் கண்காட்சி வருகிறது. அது தொடங்கும் நாளில் மாவட்டத்திற்கு உள்ளூர் விடுமுறை அறிவிக்கப்படுவது வழக்கம். கோத்தகிரியில் காய்கறிக் கண்காட்சியும் குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சியும் அதே மாதத்தில் நடைபெறுவதால் கூட்டம் ஓரளவு பிரிகிறது.

ஜூன் மாதத்தில் பள்ளிகள் திறந்து வாகனங்கள் குறையும்போது தென்மேற்குப் பருவமழை மலையேறத் தொடங்குகிறது. நகரின் நடுவே ஓடி ஏரியில் கலக்கும் கோடப்பமந்து கால்வாயில் இரு மாதக் குப்பையும் மண்ணும் படிந்திருக்க, மழை வலுப்பதற்குள் அதைத் தூர்வாரி முடித்தாக வேண்டும். அப்பணி தாமதமானால், ரயில்வே பாலத்தின் அடியிலும் தாழ்வான தெருக்களிலும் தேங்கும் நீரில் நடக்க வேண்டியவர்கள் சீசனுக்கு வந்து திரும்பியவர்கள் அல்லர். கால்வாய்க்கான செலவும் அவ்வாண்டின் பொருள் நிரலில் ‘மன்றத்தின் அனுமதிக்கு’ என்ற குறிப்போடு இடம்பெறும்.