பழைய கூரையும் பிள்ளைகளின் மூச்சும்

நம் நாட்டின் ஏனைய ஊர்களிற் போலவே கலேவெலயிலும் பழைய வீடுகள் பல அஸ்பெஸ்டஸ் தகட்டால் வேயப்பட்டவை. கல்நாரைச் சீமெந்துடன் கலந்து செய்வதே அத்தகடு. நீலக் கல்நாரை இலங்கை 1987இல் தடைசெய்தது. வெள்ளைக் கல்நாரையும் 2018 முதல் விலக்க அரசு முடிவு செய்திருந்தது. ஆனால் 2017 டிசம்பரில், கல்நாரை ஏற்றுமதி செய்யும் ருஷ்யா, பொதியில் வண்டு கண்டதாகக் கூறி நம் தேயிலையைத் தடுத்தது. அரசும் தன் தடையை நிறுத்திவைத்தது.

ஆகவே காவல் இல்லத்தார் கையிலேயே இருக்கிறது. முழுதாயுள்ள தகட்டினால் அபாயம் குறைவு. அறுக்கும்போதும் துளைக்கும்போதும் எழும் தூசியே நஞ்சு. அது நுரையீரலிற் புகுந்து, பல பத்தாண்டுகள் கழிந்தபின் புற்றுநோயாக வெளிப்படலாம். தகட்டிற் கல்நார் உண்டா என்பதைக் கண்ணால் மட்டும் பார்த்துத் துணிய இயலாது; ஆய்வுகூடமே உறுதி கூறும். ஐயமிருப்பின் உண்டென்றே கொள்ளுமாறு நாம் கூறுவோம்.

கழற்ற நேர்ந்தாற் பயிற்சி பெற்றோரை அழையுங்கள். பிள்ளைகளை அப்பாற்படுத்தி, தகட்டை நீரால் நனைத்து, ஆணிகளைத் தளர்த்தி, உடையாமல் இறக்கி, தடித்த பொலித்தீனிற் பொதிதல் வேண்டும். துணி முகமூடி போதாது. தூசியை விளக்குமாற்றாற் கூட்டாது, ஈரத்துணியால் துடைத்தலே முறை. உடைந்த துண்டுகளைக் கோழிக்கூட்டுக்கோ வேலிக்கோ எடுத்துவைப்பது சிக்கனமன்று. அது நோயைச் சேமித்துவைப்பதாகும்.