நீர்நாட்டில் குறுங்கள்ளி

காவிரி பாயும் தஞ்சை நாட்டிலே செடி வளர்ப்பார் முதற்கண் கற்பது நீர் ஊற்றுதலே. ஜூன் 12ஆம் நாள் மேட்டூர் அணை திறக்கப்படுமா என்று ஊரெல்லாம் வினவும் நிலம் அன்றோ இது? ஆயினும், இந்நாளில் வீடுதோறும் விரும்பி வைக்கப்படும் ஒரு சிறு செடிக்கு அந்நீரே பகையாகின்றது. எலுமிச்சங்காய் அளவில் உருண்டு, உடலெங்கும் முள் நிறைந்து, உச்சியில் முடி சூட்டினாற்போல் வட்டமாகப் பூக்கும் குறுங்கள்ளியே அது. தாவர நூலார் இதனை மாமில்லேரியா என்பர். இவ்வினத்துள் பெரும்பாலனவற்றின் தாயகம் மெக்சிகோ.

கள்ளி என்றவுடன் நம் வேலிகளிலுள்ள சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் நினைவிற்கு வரும். அவை வேறு குடும்பத்தின. (திருகுகள்ளிக்கு லின்னேயசு என்னும் அறிஞர் 1753இல் பெயரிட்டபோது நம் தென்னாட்டுப் பெயரையே தழுவிக்கொண்டார் என்பது நாம் மகிழத்தக்க செய்தி.) அமெரிக்கக் கள்ளியின் முட்களோ, பஞ்சுத் துணுக்கை ஒத்த சிறு திட்டுகளிலிருந்து கற்றையாக எழும். இதுவே அதனை அறியும் அடையாளம்.

இக்குலத்தின் வலிமை சிறிதன்று. வேலிப் பயிராகப் புகுந்த சப்பாத்திக்கள்ளி, தமிழ்நாட்டு வறண்ட நிலங்களில் வெட்டியும் அடங்காது பரவிற்று. வெட்டி எறிந்த துண்டும் வேர்விட்டது. 1926இல் இலங்கையிலிருந்து கொணர்ந்த, சாறு உறிஞ்சும் பூச்சியொன்று ஏவப்பட்ட பின்னரே அது ஒடுங்கிற்று. அத்தகைய குலத்துச் செடி, நாள்தோறும் ஒரு குவளை நீர் பெற்றால் நம் திண்ணையில் அழுகி மாய்கின்றது. காரணம் யாது?

இச்செடிக்கு இலைகள் முட்களாயின. பசிய தண்டே இலையின் தொழிலைச் செய்கின்றது. பகல் வெப்பத்தில் நீர் ஆவியாகாதிருக்கத் தன் நுண்துளைகளை மூடிக்கொண்டு, இரவிலே திறக்கும். என்றோ பெய்யும் மழையை மேலோடிய வேர்களால் விரைந்து பருகித் தண்டிலே சேர்த்து வைக்கும். ஈரம் மாறாத மண்ணில் காற்று புகாது; வேர் மூச்சின்றி அழுகும். வேர் அழுகிய செடி நீர் கொள்ளமாட்டாது சுருங்கும். வளர்ப்போர் அதனை வாட்டமென்று எண்ணி மேலும் ஊற்றுவர். பெரும்பாலான கள்ளிகள் இவ்வாறு அன்பினாலேயே இறக்கின்றன.

நெல்லுக்கு நலம் செய்யும் வண்டலும் களிமண்ணும் நீரைப் பற்றி வைப்பன. ஆகலின் இதற்கு ஆகா. பருமணல் இரு பங்கு, செங்கல் நொறுக்கு ஒரு பங்கு, மக்கிய இலையுரம் ஒரு பங்கு கலந்து, அடியில் துளையுள்ள மண்தொட்டியில் இடுக. துளையற்ற அழகுக் கிண்ணத்தில் வாங்கியதாயின் உடனே மாற்றுக. தாளைப் பலவாக மடித்துச் செடியைச் சுற்றிப் பிடித்தால் முள் தைக்காது. மாற்றி நட்டபின் ஒரு வாரம் நீர் விடலாகாது. வேரின் காயங்கள் ஆறுதல் வேண்டும்.

தென்னை ஈர்க்கொன்றை மண்ணுள் செருகி எடுத்துப் பாருங்கள். ஈரமண் ஒட்டியிருந்தால் பொறுத்திருங்கள். ஒட்டாவிடில், அடித்துளை வழியே வடியுமளவும் ஊற்றுங்கள். கோடையில் வாரம் ஒருமுறை போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் செடி தாழ்வாரத்தின் கீழ் இருக்கட்டும். மார்கழி, தையில் நீரைப் பெரிதும் குறைத்து வெயிலில் வைத்தால் செடி ஓய்வு கொள்ளும். அவ்வோய்வின் பின்னரே அரும்புகள் தோன்றும். அந்நாளில் உடல் சற்றே சுருங்கினும் அஞ்சற்க.

காலை வெயில் நன்று. நிழலில் இருந்த செடியைச் சித்திரை வெயிலில் திடீரென வைத்தால் தோல் வெந்து வடுப்படும். ஒளி குன்றினாலோ, உருண்டை வடிவம் இழந்து மெலிந்து நீளும். வெண்பஞ்சு போன்ற மாவுப்பூச்சி தென்பட்டால் தூரிகையால் துடைத்து நீக்குக.

சில வகைகள் அடியில் குட்டிகள் ஈனும். அவற்றைப் பெயர்த்து, காயம் உலர மூன்று நான்கு நாள் நிழலில் வைத்து, பின்னரே மணலில் ஊன்றுதல் வேண்டும். வேர் பிடிக்குமளவும் மணலில் சிறிது ஈரக்கசிவு இருப்பினே போதும்.