மனிதனும் கணிப்பொறியும் – ஒரு பார்வை

விஞ்ஞானம் நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாக வளர்ந்துவரும் காலம் இது. பேங்க், ரேஷன் கடை, தாலுகா ஆபீஸ், ஏன், பஸ் கண்டக்டர் கையில் இருக்கும் டிக்கெட் மெஷின் வரை கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஆனால் அந்த மெஷினுக்கு முன்னால் நிற்கும் மனிதனுக்கு அது புரிகிறதா? இந்தக் கேள்வியைக் கேட்பதற்கென்றே ஒரு தனித் துறை இருக்கிறது. அதற்குப் பெயர் ஹியூமன் கம்ப்யூட்டர் இன்டராக்ஷன். தமிழில் ‘மனித – கணிப்பொறி இடைவினை’ என்று சொல்லலாம். டிப்ளமா படிக்கும் நண்பர்களுக்கு இத்துறையை அறிமுகம் செய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இத்துறை எதைப் பற்றியது?

ஒரு மனிதன் கருவியைப் பார்க்கிறான், புரிந்துகொள்கிறான், இயக்குகிறான், தவறு நேர்ந்தால் திருத்திக்கொள்கிறான். இந்த நான்கும் சுலபமாக நடக்கின்றனவா என்று ஆராய்வதுதான் இத்துறை. பொறியியல், மனோதத்துவம், வடிவமைப்பு, மொழி ஆகிய எல்லாமே இதில் சேரும். 1954-ல் பால் ஃபிட்ஸ் என்ற மனோதத்துவ அறிஞர் ஒரு விதியைச் சொன்னார். தொட வேண்டிய இடம் எவ்வளவு சிறிதாகவும் தூரமாகவும் இருக்கிறதோ, அவ்வளவு அதிக நேரம் பிடிக்கும் என்பதே அது. செல்போனில் பட்டன் எங்கே இருக்க வேண்டும், எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்ய இன்றும் அந்த விதி உதவுகிறது. 1968-ல் டக்ளஸ் எங்கல்பார்ட், மவுஸ் என்னும் கருவியைச் சபையில் இயக்கிக் காட்டினார். 1980-களில் இது தனித் துறையாகவே வளர்ந்துவிட்டது.

ஒரு விளக்கு செய்த வினை

‘டிசைன் என்றால் அழகுதானே’ என்று நினைப்பவர்களுக்கு ஓர் உதாரணம். 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டது. கன்ட்ரோல் ரூமில் இருந்த விளக்கோ, ‘மூடு’ என்று கட்டளை போனதை மட்டும்தான் காட்டியது. வால்வு உண்மையில் மூடியதா என்பதைக் காட்டவில்லை. ஆபரேட்டர்கள் மூடிவிட்டது என்றே நம்பினார்கள். குளிர்விக்கும் நீர் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வெளியேறி, அணு உலையின் மையப் பகுதியில் ஒரு பாகம் உருகியே போயிற்று. கட்டளை வேறு, காரியம் வேறு. எலக்ட்ரிகல், இன்ஸ்ட்ருமென்டேஷன் நண்பர்கள் இதை மனதில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டு ஓட்டு மெஷின்

நல்லதற்கும் உதாரணம் உண்டு. அது நம் ஓட்டு மெஷின். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இதன் உருவாக்கத்தில் பங்கேற்றவர், எழுத்தாளர் சுஜாதா என்று நாமெல்லாம் அறிந்த பொறியாளர் எஸ். ரங்கராஜன். 1982-ல் கேரளாவின் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் முதன்முதலாகப் பயன்பட்டது. 2004 லோக்சபா தேர்தலில் நாடு முழுவதும் வந்தது. இதைப் பற்றி அரசியல் விவாதங்கள் பல உண்டு. நான் சொல்ல வருவது பட்டனைப் பற்றி மட்டுமே.

எழுத்துத் தெரியாதவருக்குச் சின்னம் இருக்கிறது. சின்னத்துக்கு நேராகவே நீல பட்டன். அழுத்தியதும் அதன் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரியும், ‘பீப்’ என்று சத்தமும் வரும். கண்ணுக்கு ஒரு பதில், காதுக்கு ஒரு பதில். பதற்றத்தில் இரண்டு தடவை அழுத்தினாலும் ஒரு ஓட்டுதான் பதிவாகும். பார்வையற்றோருக்கு பிரெய்ல் குறியும் உண்டு. நம் பாட்டிமார்கள் இதற்காக எந்தக் கோர்ஸுக்கும் போகவில்லையே! மெஷின்தான் அவர்களுக்குத் தகுந்தபடி வந்தது.

விரலும் தமிழும்

அடுத்தது நம் மொழி. பழைய தமிழ் டைப்ரைட்டரில் ‘கொ’ என்று அடிக்க முதலில் கொம்பு, பிறகு ‘க’, பிறகு கால். அதாவது கண்ணுக்குத் தெரியும் வரிசை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி வந்த தமிழ்99 விசைப்பலகை, காதுக்குக் கேட்கும் வரிசையை எடுத்துக்கொண்டது. ‘க’ அடித்து ‘ஒ’ அடித்தால் ‘கொ’ வந்துவிடும். 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் என 31 விசைகளில் 247 எழுத்தும் அடக்கம். உயிர் இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. ‘அம்மா’ என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு. ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதுக்குப் புள்ளி தானே விழுந்துவிடும். தமிழின் இலக்கணத்தையே மெஷினுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், பாருங்கள்!

மேலூர் தந்த பாடம்

நம் மதுரை மாவட்டமே இத்துறைக்கு ஒரு பாடமாக இருந்திருக்கிறது. 2001 நவம்பரில் மேலூர் தாலுகா கிராமங்களில் ‘சாரி’ என்ற திட்டம் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யுடன் அமெரிக்காவின் ஹார்வர்டு, எம்.ஐ.டி. ஆகியவையும் சேர்ந்துகொண்டன. ஐ.ஐ.டி. உருவாக்கிய கார்டெக்ட் என்னும் ஒயர்லெஸ் மூலம் கிராமத்து இன்டர்நெட் மையங்களுக்கு இணைப்புக் கொடுத்தார்கள். சான்றிதழுக்கு ஊரிலிருந்தே மனுப் போட முடிந்தது. கண் நோயாளியைக் கேமராவில் படம் எடுத்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்ப முடிந்தது.

ஆனாலும் சில ஆண்டுகளிலேயே பல மையங்கள் மூடப்பட்டன. வருமானம் கட்டவில்லை. ரிப்பேர் என்றால் ஆள் வருவது தாமதம். அதிகாரிகள் மாறியதும் சான்றிதழ் சேவை நின்றுபோனது. இதிலிருந்து தெரிவது என்ன? திரைக்கும் மனிதனுக்கும் இடையில் மட்டும் இல்லை இந்த உறவு. மையம் நடத்துபவர், ரிப்பேர்காரர், தாலுகா ஆபீஸ் கிளார்க் எல்லோரும் சேர்ந்ததுதான் ஒரு சிஸ்டம். ஒரு கண்ணி அறுந்தால் முழுச் சங்கிலியும் அறுந்த மாதிரிதான்.

யாருக்காக இந்த மெஷின்?

எங்க வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மா ஏ.டி.எம்.முக்குப் போனால், திரையில் எழுத்தைக் கூட்டிப் படிப்பதற்குள் நேரம் முடிந்து கார்டு வெளியே வந்துவிடும். அதனால் பக்கத்தில் நிற்பவரிடம் கார்டையும் கொடுத்து, நாலு எண்ணையும் வாய்விட்டுச் சொல்லிவிடுவார். பின்நம்பரை யாரிடமும் சொல்லாதே என்று போர்டு வைத்தால் போதுமா? சொல்லாமல் எடுக்க வழி வேண்டாமா? அப்பாவுக்கு வேறு சிரமம். செங்கல் தூக்கித் தேய்ந்த விரலை ரேஷன் கடை மெஷின் சில மாதம் ஏற்பதே இல்லை. உழைத்த கையை அடையாளம் தெரியாத மெஷின்! ‘நமக்கு அறிவு பத்தலடா’ என்று இருவரும் சொல்லிக்கொள்வார்கள். கடையில் பாக்கிச் சில்லறையை மனக்கணக்காகவே சொல்பவர் அம்மா. பத்தாதது அவர் அறிவா, டிசைன் செய்தவரின் அறிவா?

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் பாருங்கள். இரண்டு கையும் பூவில் இருக்கும்போது, பணம் வந்ததை ஒரு சின்னப் பெட்டி வாயால் சொல்லிவிடுகிறது. படிக்கவும் வேண்டாம், போனை எடுக்கவும் வேண்டாம். மனிதனைப் பார்த்துச் செய்தது அப்படித்தான் இருக்கும்.

நாம் என்ன செய்யலாம்?

இத்துறையில் வேலைவாய்ப்பும் உண்டு. செயலி வடிவமைப்பு, பயன்பாட்டுச் சோதனை, மாற்றுத்திறனாளிகளுக்கான தொழில்நுட்பம், மொழிக் கணிமை எனப் பல பிரிவுகள் இருக்கின்றன. டிப்ளமா முடித்து பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரும் நண்பர்கள் இதையும் மனதில் வைக்கலாம்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. இந்த வருடப் புராஜெக்டிலேயே தொடங்கலாம். புரோகிராம் எழுதுமுன் அதைப் பயன்படுத்தப் போகிறவர் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். எழுதியபின் ஐந்து பேரிடம் கொடுத்து, வாய் திறக்காமல் கவனியுங்கள். விரல் எங்கே தயங்குகிறதோ அங்கேதான் நம் வேலை பாக்கி இருக்கிறது. அந்த ஐந்து பேரில் ஒருவராவது பள்ளிக்கூடம் போகாதவராக இருக்கட்டும்.

நண்பர்களே, நாளைக்கு நாம் செய்யப்போகும் மெஷின் முன்னால் நம் அம்மாவும் அப்பாவும்தான் நிற்கப்போகிறார்கள். அவர்கள் தலைநிமிர்ந்து நிற்கும்படி செய்வோம்!

– மூன்றாம் ஆண்டு மாணவன், கணிப்பொறிப் பொறியியல் பிரிவு