படகில் போனவர்கள் திரும்பும்போது

சட்டத்தின் பார்வையில் எல்லையைக் கடப்பது இரண்டு செயல்கள்: ஒரு நாட்டை விட்டு வெளியேறுவது, இன்னொரு நாட்டுக்குள் நுழைவது. 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைகள் பிரகடனத்தின் 13ஆவது உறுப்புரை, எந்த நாட்டிலிருந்தும் வெளியேறவும் சொந்த நாட்டுக்குத் திரும்பவும் எவருக்கும் உரிமை உண்டு என்கிறது. இன்னொரு நாட்டுக்குள் நுழையும் உரிமையை அது தரவில்லை. விசா இருந்தாலும் வாசலில் முடிவெடுப்பவர் குடிவரவு அதிகாரிதான்.

உயிருக்கு அஞ்சி ஓடுபவருக்காக உருவானது 1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயம். ஆபத்துள்ள இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பக்கூடாது என்கிறது அதன் 33ஆவது உறுப்புரை. ஆபத்திலிருந்து நேரடியாக வந்து, தாமதமின்றி அதிகாரிகளிடம் தம்மை ஒப்படைப்பவரை, அனுமதியின்றி நுழைந்ததற்காகத் தண்டிக்கக்கூடாது என்கிறது 31ஆவது உறுப்புரை.

இந்தியாவும் இலங்கையும் இச்சமவாயத்தில் இணையவில்லை. ஆகவே போர்க்காலத்தில் மன்னாரிலிருந்து படகேறிய எம்மவர்களுக்குத் தமிழக முகாம்களில் கிடைத்த இடம், அரசின் தீர்மானத்தால் கிடைத்ததே. சட்டம் தந்த உரிமையல்ல.

சிக்கல் அங்கே முடியவில்லை. அங்கீகரிக்கப்பட்ட துறைமுகம் அல்லது விமான நிலையம் வழியாக, கடவுச்சீட்டுடனேயே வெளியேற வேண்டும் என்பது இலங்கைச் சட்டம். ஷெல்லுக்குத் தப்பி இரவில் படகேறியவரும் அதன்படி குற்றவாளியே. 2025 மே மாதம், தமிழகத்திலிருந்து திரும்பிய முதியவர் ஒருவர் பலாலி விமான நிலையத்தில் கைதானதும் இதனால்தான்.

திரும்பி வரும் உரிமை பிரகடனத்தில் இருந்தால் மட்டும் போதாது. போரால் ஓடியவருக்கு விலக்களிக்கும் தெளிவான ஏற்பாடு உள்நாட்டுச் சட்டத்திலும் இருந்தால்தான், முகாம்களில் எஞ்சியிருப்போர் அச்சமின்றி ஊர் திரும்பலாம்.