ஓய்வும் இயக்கமும்: படுக்கைச் சிகிச்சை பற்றிய மருத்துவ ஆய்வுகள் – ஒரு நோக்கு

நோயுற்றவர் படுக்கையிற் கிடத்தல் வேண்டும் என்பது மக்கள் உள்ளத்தில் ஆழ வேரூன்றிய எண்ணமாகும். காய்ச்சலாயினும், என்பு முறிவாயினும், மாரடைப்பாயினும் ‘அசையாமற் படுத்திருங்கள்’ என்பதே உறவினர் கூறும் முதல் அறிவுரை. வைத்தியர்களும் நெடுங்காலம் இவ்வாறே கூறிவந்தனர். மருந்தொன்றின் பயனையும் தீங்கையும் நுணுகி ஆராயும் மருத்துவ உலகம், படுக்கை ஓய்வினை ஆராயப்பட வேண்டிய ஒரு சிகிச்சையாகவே பல காலம் கருதவில்லை. அவ்வோய்வு அளந்தறியப்பட்ட வரலாற்றையும், அதற்கு மாறாக எழுந்த இயக்கச் சிகிச்சை அதே அளவுகோலால் அளக்கப்பட்டபோது கிடைத்த முடிவுகளையும் சுருக்கமாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓய்வுக் கொள்கை

ஓய்வுக் கொள்கைக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வலுவூட்டியோருள் இருவர் குறிப்பிடத்தக்கவர். இலண்டனைச் சேர்ந்த சத்திரசிகிச்சை நிபுணர் ஜோன் ஹில்ற்றன், நோவு என்பது உடல் ஓய்வை வேண்டி விடுக்கும் அறிவிப்பு என்ற கருத்தைத் தம் விரிவுரைகளில் விளக்கினார். அவை 1863 இல் நூலாக வெளிவந்தன. லிவர்பூலிற் பணிபுரிந்த ஹியூ ஓவன் தோமஸ், நோயுற்ற மூட்டினை இடைவிடாது நெடுநாள் அசையாது வைத்தல் வேண்டுமென வற்புறுத்தினார். அவர் அமைத்த சட்டம், முதலாம் உலகப் போரில் தொடை என்பு முறிந்த வீரர் பலரின் உயிரைக் காத்தது. நுண்ணுயிர்க் கொல்லி மருந்துகள் தோன்றாத அக்காலத்தில், காசநோய் தாக்கிய மூட்டுகளுக்கு ஓய்வன்றி வேறு வழி அரிதாகவே இருந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது.

அதே காலப்பகுதியிற் பாரிஸ் நகரில் லூக்கா-சம்பியோனியர் என்பவர், முறிந்த உறுப்பினையும் உருவுதலாலும் அளவான அசைவாலும் விரைவிற் குணப்படுத்தலாம் என வாதிட்டார். இரு சாராரும் தத்தம் அனுபவத்தையே சான்றாகக் காட்டினர். ஆகவே வழக்கு தீராதிருந்தது.

கட்டிலின் தீங்குகள்

1947 இல் றிச்சட் ஆஷர் என்ற ஆங்கிலேய வைத்தியர், படுக்கையிற் கிடத்தலால் விளையும் தீங்குகளை உறுப்பு உறுப்பாக எடுத்துக்காட்டிப் பிரித்தானிய மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வரைந்தார். அத்தீங்குகளின் காரணங்கள் இன்று தெளிவாக விளங்குகின்றன. நடக்கும்போது கெண்டைக்காற் றசைகள் சுருங்கி, நாளங்களிலுள்ள குருதியை இதயத்தை நோக்கித் தள்ளுகின்றன. அவ்வியக்கம் நின்றால் குருதி தேங்கி உறையும். அவ்வுறைவு பெயர்ந்து நுரையீரலை அடைந்தால் உயிருக்கே இறுதி நேரலாம். மேலும், சுமை தாங்காத என்பிலிருந்து கல்சியம் வெளியேறுகின்றது, நுரையீரலின் அடிப்பகுதி நன்கு விரியாமையாற் சளி தேங்குகின்றது, அழுத்தத்துக்குள்ளான தோல் புண்ணாகின்றது, தசைகள் மெலிகின்றன.

இம்மாற்றங்களின் அளவினை 1966 இல் ஐக்கிய அமெரிக்காவின் டலஸ் நகரில் நடைபெற்ற ஓர் ஆய்வு காட்டிற்று. இருபது வயதுடைய ஐந்து ஆரோக்கியமான இளைஞர் மூன்று வாரங்கள் படுக்கையிற் கிடந்தனர். கடுமையான உழைப்பின்போது உடல் ஒட்சிசனைப் பயன்படுத்தும் உச்ச ஆற்றல் அவர்களிடத்தே கால் பங்குக்கும் மேலாகக் குறைந்துவிட்டது. முப்பது ஆண்டுகளின் பின் அதே ஐவரும் மீண்டும் சோதிக்கப்பட்டனர். முப்பது ஆண்டு முதுமை விளைத்த இழப்பினும் மூன்று வாரப் படுக்கை விளைத்த இழப்பே பெரிதெனக் காணப்பட்டது. ஐவர் என்பது சிறு தொகையே. எனினும் ஆரோக்கியமுள்ளவர்க்கே இந்நிலையெனின் நோயாளர் நிலை யாதாகும் என்ற வினா எழுகின்றது.

மாரடைப்புற்றோர் நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை கட்டிலில் வைக்கப்பட்ட காலத்தில், பொஸ்ரன் நகர வைத்தியர்களான சாமுவேல் லெவினும் பேர்னாட் லவுனும் அத்தகையோரைத் தொடக்க நாட்களிலேயே சாய்கதிரையில் அமர்த்தினர். 81 நோயாளர் பற்றிய தம் அனுபவத்தை 1952 இல் வெளியிட்டனர். அஞ்சியவாறு இதயம் சிதையவில்லை. ஆயினும் ஒப்பிட்டு நோக்குதற்குரிய மற்றொரு குழு அவர்களிடம் இருக்கவில்லை.

ஒப்பீட்டு ஆய்வுகள்

அக்குறையை நிரப்பியவை, நோயாளரைச் சீட்டுக் குலுக்கல் போன்ற முறையால் இரு குழுக்களாகப் பிரித்து ஒப்பிடும் ஆய்வுகளாகும். 1986 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முதுகு நோவுற்ற 203 பேருள் ஒரு சாராருக்கு இரண்டு நாள் ஓய்வும் மறு சாராருக்கு ஏழு நாள் ஓய்வும் விதிக்கப்பட்டன. குணமடைதலில் வேறுபாடில்லை, ஆனால் இரண்டு நாள் ஓய்வு பெற்றோர் வேலைக்குச் செல்லாதிருந்த நாட்கள் 45 சதவீதம் குறைவாக இருந்தன. 1999 இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர் சிலர், பதினைந்து வகை நோய்நிலைகளிற் படுக்கை ஓய்வைச் சோதித்த 39 ஆய்வுகளைத் தொகுத்தனர். மொத்த நோயாளர் 5,777 பேர். எந்த ஒரு விளைவிலும் ஓய்வினாற் குறிப்பிடத்தக்க நன்மை காணப்படவில்லை. பதினேழு விளைவுகள் மோசமடைந்திருந்தன.

இயக்கத்தின் எல்லை

இனி, இயக்கம் எக்காலும் நன்றே என முடிவு கட்டலாமோ? செயற்கைச் சுவாசம் பெறும் 104 நோயாளரிடத்து நடத்தப்பெற்று 2009 இல் வெளியான ஆய்வொன்று அவ்வாறு எண்ணத் தூண்டிற்று. விரைவிலேயே இயன்மருத்துவப் பயிற்சி தொடங்கப்பட்டோருள் 59 சதவீதத்தினர் வைத்தியசாலையை விட்டு நீங்கும்போது தம் அன்றாடக் கருமங்களைத் தாமே செய்யும் நிலையை எய்தினர். மற்றோருள் 35 சதவீதத்தினரே அந்நிலையை எய்தினர்.

ஆனால் 2015 இல் வெளியான ஆய்வின் முடிவு வேறாயிற்று. ஐந்து நாடுகளைச் சேர்ந்த 2,104 பாரிசவாத நோயாளருள் ஒரு சாரார் 24 மணி நேரத்துள் எழுப்பப்பட்டு, அடிக்கடி இயக்கப்பட்டனர். மூன்று மாதங்களின் பின் நன்னிலை எய்தினோர் அக்குழுவில் 46 சதவீதம். வழமையான பராமரிப்புப் பெற்ற குழுவிலோ 50 சதவீதம். 2022 இல் வெளியான மற்றோர் ஆய்வு, செயற்கைச் சுவாசம் பெற்ற 750 பேரைப் பற்றியது. அதிகப்படியான இயக்கம் அவர்களுக்கு மேலதிக நன்மை எதனையும் தரவில்லை. இயக்கத்தால் நேர்ந்திருக்கக்கூடிய பாதக விளைவுகள், 4.1 சதவீதத்தினருக்குப் பதிலாக 9.2 சதவீதத்தினரிடத்துக் காணப்பட்டன.

இம்முரண்பாட்டின் விடை ஒப்பீட்டுக் குழுக்களிலேயே பெரிதும் உள்ளது. 2009 ஆம் ஆண்டின் ஆய்வில் ஒரு குழுவினருக்குப் பயிற்சி சராசரியாக ஒன்றரை நாளிலும் மற்றக் குழுவினருக்கு ஏழு நாட்களுக்குப் பின்னரும் தொடங்கிற்று. அஃது இயக்கத்தையும் ஓய்வையும் ஒப்பிட்டதாகும். பாரிசவாத ஆய்விலோ ஒரு சாரார் சுமார் பதினெட்டரை மணியிலும் மறு சாரார் சுமார் இருபத்திரண்டரை மணியிலும் எழுந்தனர். இரு சாராருமே விரைவில் எழுந்தவர்கள். அவ்வாய்வு ஒப்பிட்டது மிதமான இயக்கத்தையும் மிகையான இயக்கத்தையுமே. எனவே, இவ்வாய்வுகள் ஒன்றையொன்று மறுக்கவில்லை. ஒன்றின் எல்லையை மற்றொன்று காட்டுகின்றது.

இத்துறை ஆய்வுகளுக்கே உரிய இடர்ப்பாடு ஒன்றும் உண்டு. மாத்திரையைச் சோதிப்போர் அதனையொத்த வெற்று மாத்திரையைக் கொடுத்து, எது எதுவென நோயாளர் அறியாதவாறு மறைக்கலாம். நடத்தப்படுகின்றவரிடமிருந்து நடையை மறைத்தல் இயலாது. ஆதலால் அளவீட்டினைச் செய்பவராயினும் குழுவை அறியாதிருத்தல் வேண்டும். இயக்கத்தின் நேரம், தடவை, கடுமை ஆகிய மூன்றும் மருந்தின் அளவு போலப் பதிவு செய்யப்படல் வேண்டும்.

முடிவுரை

இதுவரை நோக்கியவற்றால், ஓய்வும் இயக்கமும் பகைக் கொள்கைகள் அல்ல, அளவறிந்து கொடுக்கப்பட வேண்டிய இரு சிகிச்சைகளே என்பது பெறப்படும். முறிந்த என்பு பொருந்தும்வரை அவ்வுறுப்பு அசையாதிருத்தல் இன்றும் தேவையே. ஆனால் அதன்பொருட்டு முழு உடலும் கட்டிலிற் கிடத்தல் வேண்டும் என்பதில்லை. நோயாளரின் உறவினர் வைத்தியரிடம் ‘எத்தனை நாள் படுத்திருக்க வேண்டும்?’ என்று மட்டும் வினவுதல் போதாது. ‘எதற்காகப் படுத்திருக்க வேண்டும்? எப்போது, எவ்வளவு எழுந்து அசையலாம்?’ என்றும் வினவுதல் வேண்டும். அன்பின் மிகுதியால் நாம் விதிக்கும் ஓய்வும் ஒரு மருந்தே; அளவு மீறின் அதுவும் நஞ்சாகும்.