மேடை எல்லோருக்கும் சொந்தம்

2025 மே மாதம் முழுவதும் ஹைதராபாத்தில் எங்கு போனாலும் ஒரே பேச்சு, உலக அழகிப் போட்டிதான். நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்த பெண்கள் சார்மினாரைச் சுற்றிப் பார்த்தார்கள். மே 31 அன்று ஹைடெக்ஸ் அரங்கில் தாய்லாந்துப் பெண் ஓபல் சுசாதா மகுடம் சூடினார். நம் ஊருக்கு இந்த மகுடம் புதிதல்ல. 1994இல் 18 வயதிலேயே பிரபஞ்ச அழகியான சுஷ்மிதா சென் பிறந்தது இங்கேதான். 1997இல் உலக அழகியான டயானா ஹெய்டனும் ஹைதராபாத்தில் பிறந்தவரே.

எங்கள் வீட்டில் அந்த மாதம் பட்டிமன்றம்தான்! "மூக்கும் முழியும் பார்த்துப் பரிசு கொடுக்க இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்பார் என் மாமியார். "பாட்டி, அவங்க எல்லாரும் ஏதாவது சமூக சேவை செய்யணும், தெரியுமா?" என்பாள் பத்தாவது படிக்கும் என் மகள். அவள் சொல்வதிலும் உண்மை உண்டு. உலக அழகிப் போட்டியில் 1972 முதல் சேவைக்கென்று ஒரு தனித் திட்டமே இருக்கிறது. அமெரிக்காவில் பதின்வயதுப் பெண்களுக்கான சில போட்டிகளிலும், வருகிறவர்கள் ஒரு சமூகப் பணியை எடுத்துப் பேச வேண்டும். மாற்றுத்திறன் குழந்தைகளுக்காகப் பேசும் பெண்கள் அங்கே நிறையப் பேர்.

மாமியார் விடவில்லை. "பேசிட்டுப் போயிடுவா. அந்தக் குழந்தைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடியபோதுதான் ஏபி கர்ரன் என்ற பெண்ணைப் பற்றிப் படித்தேன்.

ஏபி அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் வளர்ந்தவர். பிறவியிலேயே பெருமூளை வாதம். தாங்கித் தாங்கித்தான் நடப்பார். 2008ஆம் ஆண்டுக்கான அயோவா மாநில அழகிப் பட்டம் பெற்று, மிஸ் யுஎஸ்ஏ போட்டி மேடையில் நடந்தார். அந்தப் போட்டியில் மாற்றுத்திறனாளி ஒருவர் கலந்துகொண்டது அதுவே முதல் முறை. அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. அந்தப் பட்டம் கிடைப்பதற்கு முன்பே, 2004இல், மாற்றுத்திறன் சிறுமியருக்காக அவர் ஒரு போட்டியைத் தொடங்கிவிட்டார். அதன் பெயர் 'மிஸ் யூ கேன் டூ இட்'. 'உன்னால் முடியும்' என்று பொருள். சக்கர நாற்காலியில் வரும் சிறுமியும் பேச்சு திருத்தமாக வராத சிறுமியும் நல்ல உடை உடுத்தி மேடைக்கு வருகிறார்கள். நடுவர்களின் கேள்விக்குத் தாங்களே பதில் சொல்கிறார்கள். 2013இல் இதைப் பற்றி ஓர் ஆவணப்படமும் வந்தது.

அந்தக் குழந்தைகளுக்காக ஏபி பேசினார் என்பதோடு இது முடிந்துவிடவில்லை. குழந்தைகளையே மேடையேற்றிப் பேச வைத்தார். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

"அமெரிக்காவில் நடக்கும், இங்கே நடக்குமா?" என்று கேட்பீர்கள். வாரங்கல் மாவட்டம் கல்லேட கிராமத்தில் பிறந்த தீப்தி ஜீவாஞ்சியைப் பாருங்கள். கூலி வேலை செய்யும் பெற்றோருக்குப் பிறந்தவர். அறிவுத்திறன் வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர். கேலிக்குக் குறைவில்லை. அநாதை இல்லத்தில் விட்டுவிடும்படி கூடச் சிலர் சொன்னதாக அவர் தாயார் பேட்டியில் கூறியிருக்கிறார். பெற்றோர் விடவில்லை. தீப்தி ஓடுவதைப் பார்த்த பயிற்சியாளர் நாகபுரி ரமேஷ் அவரை ஹைதராபாத்துக்கு அழைத்து வந்தார். இங்கே பாட்மிண்டன் பயிற்சியாளர் கோபிசந்தின் யோசனைப்படி செகந்திராபாத்தில் பரிசோதனை செய்து சான்று பெற்றார்கள். பிறகு நடந்தது உலகம் அறியும். 2024 மே மாதம் ஜப்பானின் கோபே நகரில் 400 மீட்டரை 55.07 வினாடியில் ஓடி உலக சாதனை. அதே ஆண்டு பாரிஸ் பாராலிம்பிக்கில் வெண்கலம்.

ஓட்டம் தீப்தியுடையது. ஆனால் முறையான பரிசோதனையும் ஒரு சான்றிதழும் இல்லையென்றால் அவர் அந்தப் பந்தயக் கோட்டில் நின்றிருக்கவே முடியாது.

இனி நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். சங்கத்தின் பொங்கல் விழாவில் கோலப்போட்டி, மாறுவேடப் போட்டி, திருக்குறள் ஒப்பித்தல் எல்லாம் நடக்கின்றன. ஒரு முறை வாசல் ஓரமாக ஒரு தாய் தன் மகனின் கையைப் பிடித்தபடி நின்றிருந்தார். டவுன் சிண்ட்ரோம் உள்ள பையன். பாட்டுக்குத் தகுந்தபடி தலையை ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தான். "உள்ளே வாங்களேன், தம்பிக்கும் பேர் கொடுக்கலாமே" என்றேன். "வேண்டாங்க, இவன் ஏதாவது சத்தம் போட்டா எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் பந்தி தொடங்கும் முன்பே கிளம்பிவிட்டார். சொந்த ஊரென்றால் அத்தை, சித்தி என்று தாங்க நாலு பேர் இருப்பார்கள். பிழைக்க வந்த ஊரில் அந்தத் தாய்க்கு நாம்தானே சொந்தம்?

இப்படிப்பட்ட குடும்பங்களுக்குப் பயன்படும் என்று சில செய்திகளைத் தருகிறேன். செகந்திராபாத் மனோவிகாஸ் நகரில் 1984 முதல் மத்திய அரசின் தேசிய நிறுவனம் ஒன்று இயங்குகிறது. பழைய பெயர் என்.ஐ.எம்.எச்., இப்போது நீபிட். அறிவுத்திறன் வளர்ச்சியில் பின்தங்கிய குழந்தைகளுக்குப் பரிசோதனையும் பயிற்சியும் அங்கே உண்டு. நாடெங்கிலுமிருந்து குடும்பங்கள் தேடி வரும் இடம் நமக்குப் பஸ் தூரத்தில் இருக்கிறது!

2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. தமிழ்நாட்டில் வாங்கிய சான்றிதழ் தெலங்கானாவிலும் செல்லும்; இந்தியா முழுவதும் செல்லும். ஊர் மாறி வந்தவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இன்னொன்று. "தெலுங்கு, இந்தி, இங்கிலீஷ் என்று ஏற்கெனவே குழப்பம்; குழந்தையிடம் தமிழ் பேசலாமா?" என்று பல தாய்மார்கள் தயங்குகிறார்கள். டவுன் சிண்ட்ரோம், ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகளில், இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு மேலும் தாமதமாவதாகத் தெரியவில்லை. தாத்தா பாட்டியோடு பேச அந்தக் குழந்தைக்கும் தாய்மொழி வேண்டாமா? தாராளமாகத் தமிழில் கொஞ்சுங்கள்.

சங்க நிர்வாகிகளுக்கு என் வேண்டுகோள் இது. அடுத்த பொங்கல் விழாவில் 'சிறப்புக் குழந்தைகள் நிகழ்ச்சி' என்று தனியே ஒதுக்க வேண்டாம். மாறுவேடப் போட்டியிலேயே அவர்களும் பெயர் கொடுக்கட்டும். மேடைக்குச் சக்கர நாற்காலி ஏற ஒரு சாய்தளப் பலகை போடுங்கள். ஒலிபெருக்கிச் சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கள். ஒரு குறள் சொல்ல ஐந்து நிமிடம் ஆகிறதா? ஆகட்டும், காத்திருப்போம்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளையின் பெயரைக் கொடுங்கள். முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்ட என் மாமியார் இப்போதே தயார்!