கடைக்குக் கம்ப்யூட்டர்: பாகம் பார்த்து வாங்குவது எப்படி?



கொள்முதலில்தான் லாபம் என்பது நாம் அனைவரும் படித்த பாடம். மிளகாய் வத்தல் வாங்கும்போது மூட்டைக்குள் கையை விட்டு அடிச்சரக்கையும் எடுத்துப் பார்க்கிறோம். துவரம் பருப்பை உள்ளங்கையில் போட்டு ஊதிப் பார்க்கிறோம். கம்ப்யூட்டர் வாங்கும்போது மட்டும் மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்துப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறோம். இன்று நம்முடைய பற்று வரவு, சரக்கு இருப்பு, ஜிஎஸ்டி கணக்கு எல்லாமே அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன. அதையும் பிரித்துப் பார்த்து வாங்க நாம் பழக வேண்டும்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ம் தேதியுடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். பிராசசர் இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-வது தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். பழைய கம்ப்யூட்டர் வைத்திருக்கும் பலர் புதிதாக வாங்க வேண்டிய நிலையில் இருக்கிறார்கள்.

கம்பெனிப் பெட்டியா, அசெம்பிளா?

1981-ல் ஐபிஎம் நிறுவனம் தன் முதல் பர்சனல் கம்ப்யூட்டரைச் சந்தையில் கிடைத்த பாகங்களைக் கொண்டே செய்தது. அதனால் மற்றவர்களும் அதே போன்ற பாகங்களைச் சேர்த்துக் கம்ப்யூட்டர் செய்ய வழி பிறந்தது. சென்னை ரிச்சி தெருவிலும் இந்த வியாபாரம் வளர்ந்தது. இன்று அதற்காகச் சென்னைக்கு ரயில் ஏற வேண்டியதில்லை. நெல்லையிலேயே சேர்த்துத் தருகிறார்கள்.

கம்பெனிப் பெட்டியில் முழுவதற்கும் ஒரே உத்தரவாதம் கிடைக்கும். ஆனால் சிறிய கம்பெனிப் பெட்டிகள் பலவற்றில் மின்சாரம் தரும் பாகம்கூட அந்தக் கம்பெனி அளவில்தான் இருக்கும். அது போனால் வேறு எதுவும் பொருந்தாது. அசெம்பிள் செய்ததில் எந்தப் பாகம் கெட்டதோ அதை மட்டும் மாற்றினால் போதும். கல்லாவில் ஆள் நிற்கும்போது கம்ப்யூட்டர் நின்றுபோனால் என்ன பாடு என்பது நமக்குத் தெரியும். பாகத்தை நாமே தேர்ந்தெடுப்பதன் பெரிய பலன் இதுதான்.

1. பிராசசர்

இதுதான் மூளை. பில் போடவும் கணக்கு எழுதவும் இன்டெல் கோர் ஐ3 (12-வது தலைமுறை அல்லது அதற்கு மேல்) அல்லது ஏஎம்டி ரைசன் வகையில் சாதாரணமானது ஒன்று தாராளம். பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். 2011-ல் வந்த 2-வது தலைமுறை ஐ7-ஐப் புதுக் கேபினட்டில் வைத்து "ஐ7 கம்ப்யூட்டர்" என்று மலிவாக விற்பவர்கள் உண்டு. பழைய அரிசியைப் புதுச் சாக்கில் கட்டியது போலத்தான் அது. விண்டோஸ் 11 அதில் முறைப்படி ஏறாது. எத்தனையாவது தலைமுறை என்று கேட்டு, பில்லில் முழு மாடல் எண்ணை எழுதி வாங்குங்கள்.

இன்டெல் மாடல் எண்ணின் கடைசியில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் அதில் படம் காட்டும் வசதி கிடையாது. தனியாகக் கிராபிக்ஸ் கார்டு வாங்க வேண்டியிருக்கும். ஐ3 12100-க்கும் 12100எஃப்-க்கும் இதுதான் வித்தியாசம். விலை குறைகிறதே என்று 'எஃப்' வாங்கினால் செலவு கூடத்தான் செய்யும்.

2. மதர்போர்டு

எல்லாப் பாகமும் இதில்தான் உட்காரும். பிராசசரும் போர்டும் ஒரே சாக்கெட் வகையாக இருக்க வேண்டும். எல்ஜிஏ 1700 சாக்கெட் போர்டில் இன்டெல் 12, 13, 14-வது தலைமுறைப் பிராசசர்கள் பொருந்தும். பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரையும் எலக்ட்ரானிக் தராசையும் இணைக்கும் துவாரங்கள் புது போர்டுகள் பலவற்றில் இல்லை. வாங்குமுன் உங்கள் பிரிண்டர் வயரின் முனையைப் போட்டோ எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

3. ரேம்

8 ஜிபி ரேம் கணக்கு வேலைக்குப் போதும். இரண்டு 4 ஜிபி போடுவதைவிட ஒரே 8 ஜிபி போட்டு, மறு இடத்தைக் காலியாக விடுங்கள், பின்னால் கூட்டிக்கொள்ளலாம். டிடிஆர்4 போர்டில் டிடிஆர்5 ரேம் பொருந்தாது.

2025 கடைசியில் ரேம் விலை கடுமையாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான பெரிய கம்ப்யூட்டர் நிலையங்கள் மெமரி சிப்புகளை மொத்தமாக வாங்கியதே காரணம். பெரிய மில் ஒன்று வந்து மார்க்கெட் சரக்கை அள்ளிக்கொண்டால் சில்லறை விலை என்னாகுமோ, அதேதான். மைக்ரான் நிறுவனம் க்ரூசியல் என்ற பெயரில் சில்லறைக்கு விற்றுவந்த வியாபாரத்தை விடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. ஆகவே பழைய விலைப்பட்டியலை வைத்துப் பேரம் பேச வேண்டாம். அன்றைய விலையை இரண்டு மூன்று கடைகளில் கேளுங்கள்.

4. எஸ்எஸ்டி

கணக்கு தங்கும் இடம் இது. பழைய ஹார்டு டிஸ்க்கைவிடப் பல மடங்கு வேகமானது. கடைக்கு 256 அல்லது 512 ஜிபி போதும். ஹார்டு டிஸ்க் பல சமயம் சத்தம் கொடுத்து எச்சரிக்கும். எஸ்எஸ்டி சொல்லாமலே போய்விடக்கூடும். அதனால் தினசரி நகல் எடுப்பது கட்டாயம்.

5. எஸ்எம்பிஎஸ், யுபிஎஸ்

பலர் கைப்பிடித்தம் செய்வது இங்கேதான். பின்னால் வருந்துவதும் இங்கேதான். கேபினட்டோடு சும்மா வரும் எஸ்எம்பிஎஸ் மேல் "450 வாட்" என்று அச்சடித்திருந்தால் அதை அப்படியே நம்ப வேண்டாம். அது கெட்டால் போர்டையும் சேர்த்துக் கொண்டுபோகலாம். தரச் சான்று உள்ளதைத் தனியாக வாங்குங்கள். 600 விஏ யுபிஎஸ் ஒன்றும், சரியான எர்த் இணைப்பும் அவசியம். கரண்டு போனதும் கணக்கைச் சேமித்து முறையாக அணைக்க அது அவகாசம் தரும்.

6. கேபினட்

நம் கடைகளில் மாவு, மிளகாய்த்தூள், சாக்கு நார் எல்லாம் காற்றில் பறக்கும். அம்பாசமுத்திரம் பக்கம் ரைஸ் மில் வைத்திருப்பவர்களுக்குத் தவிட்டுத் தூசி வேறு. மின்விசிறி இந்தத் தூசியை உள்ளே இழுத்துச் சூட்டை ஏற்றும். தூசி வடிகட்டி உள்ள கேபினட்டாகப் பாருங்கள். மாதம் ஒருமுறை அணைத்துவிட்டுத் தூசி தட்டுங்கள். உப்பு மூட்டைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். எலி, கரப்பான் நுழையாதபடி பின்பக்கத் துவாரங்களை மூடி வையுங்கள்.

பில்லும் வரியும்

"பில் இல்லாமல் என்றால் 32,000 ரூபாய்" என்பார்கள். ஒரு கணக்குப் பாருங்கள். பாகங்களின் விலை 30,000, ஜிஎஸ்டி 18 சதவீதம் 5,400, மொத்தம் 35,400. வழக்கமான ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் அந்த 5,400-ஐ உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். அடக்கம் 30,000-தான். பில் இல்லாதது 2,000 கூடுதல்; உத்தரவாதமும் போச்சு. காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்த வரவு கிடையாது. வரிவிலக்குள்ள சரக்கும் விற்பவர்களுக்கு விகிதம் குறையும், கணக்கரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் பில்லில் இருக்க வேண்டும்.

ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை ஆண்டு ரிட்டர்ன் தாக்கலுக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். தெர்மல் பில் நம் ஊர் வெயிலில் அதற்குள் வெளுத்துவிடும். கொள்முதல் பில்களை நகல் எடுத்துச் சேமியுங்கள்.

வெள்ளம் சொல்லும் பாடம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நாம் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை புரண்டது. நெல்லை ஜங்ஷன் பகுதியும் கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகமும் தண்ணீரில் நின்றன. ஸ்ரீவைகுண்டம், ஏரல் கடைவீதிகள் பட்ட பாடு சொல்லி மாளாது.

சரக்கு நனைந்தால் சரக்கோடு போகும். கணக்கு நனைந்தால் நமக்கு வர வேண்டிய பாக்கியும் சேர்ந்து போகும். இன்சூரன்ஸ் கேட்க இருப்புக் கணக்கும் இருக்காது. ஆகவே கேபினட்டைத் தரையில் வைக்காதீர்கள். இடுப்பு உயரத்துக்கு மேல் பலகை அடித்து வையுங்கள். வெளியே எடுத்துச் செல்லும் டிஸ்க் இரண்டு வாங்கி, மாற்றி மாற்றி நகல் எடுங்கள். ஒன்று கடையில் இருந்தால் மற்றொன்று மேட்டுப் பகுதியில் உள்ள வீட்டில் இருக்கட்டும். முடிந்தால் இணையத்திலும் ஒரு நகல் வையுங்கள். மாதம் ஒருமுறை அந்த நகலைத் திறந்து பாருங்கள். திறக்காத நகல் எண்ணாத பணக்கட்டு போன்றது.

கடைசியாக ஒன்று. ஒரு கடைக்காரர் தனியாகப் போய்க் கேட்கும் விலை வேறு. பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து ஒரே பாகப் பட்டியலைக் கொடுத்துக் கேட்கும் விலை வேறு. புதிதாக வாங்க இருப்பவர்கள் நம் சங்கத்தில் பேசி ஒன்றுசேர்ந்து கொட்டேஷன் வாங்கலாம். விலையும் குறையும், ரிப்பேர் என்று கூப்பிட்டால் விற்றவரும் உடனே வருவார்.